முட்டுக்குழாய்

குப்பி கறுத்துவிட்டது.
அரிசி டிரம்மின் மேல் துணி சுற்றி வைத்து
மறுநாள் சாயங்காலம் எடுத்தபோது
ஆறிப்போன கருப்பட்டிக் காப்பி மாதிரி இருந்தது
எங்கள் வீட்டில் நான் பிடித்த தண்ணீர்.

தலைஞாயிறில் எங்கள் ஐந்து பேருக்குப்
பயிற்சி கொடுத்திருந்தார்கள்.
தெருவில் பதினேழு வீட்டுக் குப்பியும் தெளிவு.
பேரேட்டில் பதினெட்டாவதாக
என் வீட்டு எண்ணை நானே எழுதினேன்,
எதிரே 'உண்டு' என்று.
பேனா அந்த இடத்தில் கொஞ்சம் நின்றது.

பூவிழிக்கு மூன்று வாரமாக வயிறு சரியில்லை.
ஐஸ்காரனைத் திட்டினேன்.
பள்ளிக்கூடத்து முட்டையைத் திட்டினேன்.
கொள்ளிடத்தில் புறப்பட்டு
எத்தனையோ ஊர் தாண்டி வருகிற தண்ணீர்.
கடைமடைக்காரர்களுக்கு எதுவும் கடைசியில்தான் வரும்;
வந்ததைக் கும்பிட்டே பழகிவிட்டோம்.
அதைப் போய்ச் சந்தேகப்படுவதா?

சகாயராஜ் வந்தார்.
பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்துத் தெளியவிட்டு
மேல்நீரை மட்டும் தொட்டியில் ஊற்றினார்.
"எல்லா டேப்பையும் திறங்க.
வாசம் வந்ததும் மூடுங்க."
சமையலறையில் வந்தது.
குளியலறையில் வந்தது.
கொல்லைக் குழாய் இருமி, காற்றைத் துப்பி,
கடைசியாக அதுவும் விட்டது,
வெள்ளம் வடிந்த மறுநாள்
தெருவோரம் தூவுவார்களே, அந்த வாசம்.
ராத்திரி முழுக்க ஒரு சொட்டும் தொடவில்லை.
எதிர்வீட்டில் ஒரு குடம் கடன்.
காலையில் வாசம் போகும்வரை திறந்துவிட்டதில்
வாழைக்கன்று ஒன்று ஓரம் கருகியது.

ஐந்தாம் நாள் இன்னொரு குப்பி.
கறுப்பு.

சகாயராஜுக்குக் கோபம். எங்கள்மேல் இல்லை.
விரல்முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனவர்
நடுச்சுவரில் நின்றார்.
"இந்தக் குழாய் எங்கே போகுது?"

எங்கேயும் போகவில்லை.
போயிருக்க வேண்டியது கொழுந்தனார் சமையலறைக்கு.
பாகம் பிரித்தபோது அறுத்து
முனையில் மூடி போட்டவர் என் கணவர்.
அன்று அந்தப் பக்கம்
அரிசி களைந்துகொண்டிருந்தாள் தமயந்தி.
"அக்கா, தண்ணி நின்னுபோச்சு" என்றாள்.
நான் பதில் சொல்லவில்லை.

மூன்றடிக் குழாய். பதினோரு வருடத் தண்ணீர்.
"ஓடாத தண்ணிக்குள்ள மருந்து போகாதுக்கா.
எவ்வளவு ஊத்தினாலும் வாசல் வரைக்கும்தான்.
உள்ள வழவழன்னு ஒண்ணு குடித்தனம் நடத்தும்.
கொஞ்சங்கொஞ்சமா இந்தப் பக்கம் வரும்."
முட்டுச்சந்து மாதிரி இது முட்டுக்குழாய் என்றார்.
வடிகால் இல்லாத வயலில் நாற்று அழுகும் என்று
கடைமடையில் பிறந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு வழி.
கிளை பிரியும் இடத்திலேயே அறுத்து அடைப்பது.
இல்லையென்றால் முனையில் ஒரு டேப்பு வைத்து
தினமும் யாராவது திறப்பது.
'யாராவது' என்றபோது அவர் சுவரைப் பார்க்கவில்லை;
நான் பார்த்தேன்.

என் கணவர் முதல் வழி போதும் என்றார்.
செலவு குறைவு.

அறுத்தெடுத்த துண்டுக்குள் விரல் வழுக்கியது.
மூடி மட்டும் புதுசாய்,
அன்றைய ஒட்டுப்பசை இன்னும் பளபளப்பாய்.

மறுபடி மருந்து. மறுபடி ஒரு ராத்திரி.
நாற்பத்தெட்டு மணி நேரமும் குப்பி தெளிவாக நின்றது.
'இல்லை' என்று எழுதினேன்.
பூவிழி இரண்டு தோசை கேட்டாள்.

சாமான் பையைச் சைக்கிளில் மாட்டும்போதுதான்
சகாயராஜ் சாதாரணமாகச் சொன்னார்:
"அறுத்த குழாய்க்கு ரெண்டு முனைக்கா.
அந்தப் பக்கமும் ஒரு துண்டு கிடக்கும்."

பேரேட்டில் பத்தொன்பதாவது வரி
இதுவரை காலி.
அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம்
குப்பிப் பையை மறுகைக்கு மாற்றியிருக்கிறேன்.

தமயந்தி கதவைத் திறந்தாள்.
முன்நெற்றியில் நரை; எனக்குத் தெரியாமல் வந்தது.
"தண்ணி பிடிக்கணும்" என்றேன்.
வேறெதுவும் வரவில்லை.
அவள் என்னைப் பார்த்தாள், குப்பியைப் பார்த்தாள்,
உள்ளே போய் டேப்பைத் திறந்தாள்.

"உடனே பிடிக்கக்கூடாது,
கொஞ்ச நேரம் ஓடட்டும்" என்றேன்.
அதுதான் முறை.
இருவரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.